டிஸ்க் அண்ணா

'முதுகு வலிக்குது' என்று ஆபீஸில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அடுத்த ஐந்து நிமிஷத்தில் செக்‌ஷன் முழுக்க டாக்டர்கள்! அக்கவுண்ட்ஸ்காரர் கொள்ளு ரசம் எழுதித் தருவார். டெஸ்பாட்ச் ஆசாமி விளக்கெண்ணெய்க்குச் சிபாரிசு. தரையில் படு, பலகையில் படு, படுக்கவே படுக்காதே என்று ஒரே மேஜையிலிருந்து மூன்று தீர்ப்பு வரும். பீஸ் கிடையாது.

அதே இடத்தில் 'ஆபரேஷன் பண்ணச் சொல்லிட்டாங்க' என்று சொல்லுங்கள். கப்சிப். ஃபேன் சத்தம் கேட்கும். அப்புறம் ஒரு குரல் வரும்: "எங்க பெரியப்பா ஒருத்தர் இப்படித்தான் முதுகுல கத்தி வெச்சுக்கிட்டாரு... அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

இந்தப் பெரியப்பா எல்லா ஆபீஸிலும் இருக்கிறார். நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. எந்த வருஷம், என்ன ஆபரேஷன், அதற்கு முன்னால் அவர் எந்த நிலைமையில் இருந்தார்? கேட்டால் பதில் வராது. ஆனால் கேட்டவன் ராத்திரி தூங்கமாட்டான்.

விஷயம் என்னவென்றால், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கிற டிஸ்க், நம் பேக்கரி ஜாம் பன் மாதிரி. வெளியே நார், உள்ளே ஜெல்லி. ஒரு பக்கம் கிழிந்து ஜெல்லி பிதுங்கி நரம்பை அழுத்தினால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் கரண்ட் அடிக்கும். காலில் வலிக்கிற இந்த வலிக்கு முதுகு டிஸ்க்தான் காரணம் என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் 1934-ல் எழுதிக் காட்டினார்கள். அதுவரை பிதுங்கிய அந்தத் துண்டை ஏதோ கட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஓர் அங்குலம் போலக் கீறி, மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, பிதுங்கியதை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். பலரை அன்றைக்கோ மறுநாளோ நடக்கவே விட்டுவிடுகிறார்கள். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. 1978-ல் ஆரம்பித்த மேட்டுப்பாளையம் ரோட்டு கங்கா ஆஸ்பத்திரிக்கு முதுகெலும்பு ஆபரேஷன் கற்றுக்கொள்ள வெளிநாட்டு டாக்டர்களே வந்து போகிறார்கள்.

ஆக, ஆபரேஷன் பெரிய பிரச்னை இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கச்சேரி.

கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கிறார் என் நண்பர். வயசு முப்பத்து நாலு. எல்-4க்கும் எல்-5க்கும் நடுவில் சமாசாரம். எடுத்தாயிற்று, தையலும் பிரித்தாயிற்று. டாக்டர், 'எல்லாம் நல்லா இருக்கு, நடங்க' என்று சொல்லிவிட்டார். மனுஷன் நடக்கவில்லை. கட்டிலில் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பயம்!

என்ன பயம்? தும்மல்.

சிரிக்காதீர்கள் சார். தும்மினால் உள்ளே தையல் பிரிந்துவிடுமோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே மூன்று நாள் ஓட்டியிருக்கிறார். இன்னும் லிஸ்ட் நீளம். டாய்லெட்டில் எப்படி உட்காருவது? கீழே விழுந்த சாவியை எப்படி எடுப்பது? கால் மரத்த இடத்தில் சுருக்கென்றால் அது பழைய வலியா, புது வலியா? அவிநாசி ரோட்டு வேகத்தடையில் மொபெட் என்றைக்கு ஓட்டலாம்? அப்புறம், மனைவியிடமே கேட்கக் கூச்சப்படுகிற ஒரு கேள்வி (உங்களுக்குப் புரிந்திருக்கும்). ஓ.பி.யில் வெளியே நாற்பது பேர் டோக்கனோடு நிற்கும்போது இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் சொல்வார்தான். வாய் வர வேண்டுமே!

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார் ஒரு பொள்ளாச்சி தேங்காய் வியாபாரி. முன்பின் தெரியாதவர். அதே ஆபரேஷன், எட்டு மாசம் சீனியர். பிசியோதெரபி சொல்லித் தருகிற பையன் அவரிடம் அனுமதி கேட்டு, நம்பரை நண்பரிடம் கொடுத்திருக்கிறான். ராத்திரி ஒன்பதரைக்கு முதல் போன்.

"ஏனுங் தம்பி, தும்மறதுக்குப் பயமாருக்குதுங்களா?"

நண்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் இன்னும் வாயையே திறக்கவில்லை!

"உங்களுக்கு எப்படீங்ணா தெரியும்?"

"எனக்கும் இருந்துச்சுங். தலகாணிய நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுட்டு நல்லாத் தும்முங்க, ஒண்ணும் ஆவாது. எந்திரிக்கறப்ப மல்லாக்க எந்திரிச்சுப் போடாதீங்க. மரக்கட்டையாட்டம் மொத்தமா ஒருக்களிச்சு, கால ரெண்டையும் கீழ உட்டு, கையூனி வாங்க. இன்னைக்கு எத்தன அடி நடந்தீங்க?"

"நடக்கலீங்ணா."

"நானு மூணாம் நாளு வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து அழுதனுங். நாளைக்கு நீங்க வாசல் வரைக்கும் போங்க. வந்துட்டு போன் பண்ணுங்க."

ஒருக்களித்து எழுந்திருக்கும் பாடத்தை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அச்சடித்த தாளே தந்திருந்தார்கள். ஆனாலும் 'வந்து அழுதேன்' என்பதை எந்தத் தாளில் அச்சடிப்பார்கள்? நண்பர் மறுநாள் வாசலுக்குப் போனார். அடுத்த வாரம் தெருமுனை பேக்கரி. (டீயோடு சிகரெட் பிடிக்கக்கூடாது என்று அண்ணா கட்டளை. சிகரெட் டிஸ்க்குக்கும் சத்ரு.) இப்போது டிஸ்க் அண்ணா என்றுதான் செல்போனில் பெயர் போட்டு வைத்திருக்கிறார்.

இந்த அண்ணாவுக்கு என்ன லாபம்? கமிஷன் கிடையாது. நண்பர் கேட்டே விட்டார். "உங்களுக்குச் சொல்றப்பத்தானுங் தம்பி, நானு எத்தன தூரம் தேறி வந்திருக்கேன்னு எனக்கே தெரியுது" என்றாராம். பிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்கர் 1965-லேயே கட்டுரை எழுதிய விஷயம்தான் இது: உதவி வாங்குகிறவனைவிட உதவி செய்கிறவனுக்கே சில சமயம் அதிக குணம் தெரிகிறது! அதற்கும் முன்னால், 1935-ல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரனில், குடியை விடத் தவித்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதிலிருந்துதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்தது. அந்த இரண்டு பேரில் ஒருவர் டாக்டர். ஆனாலும் குணமானது சக குடிகாரரோடு பேசித்தான்.

டிஸ்க் ஆபரேஷன்காரர்கள் பெரும்பாலும் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறோம். தண்டுவடமே அடிபட்டவர்கள் கதை வேறு. வாழ்நாள் பூரா சக்கர நாற்காலி. இந்த 'அண்ணா' வேலையை அவர்கள் செய்ததைப் பார்த்தால் நாமெல்லாம் எல்.கே.ஜி.

1975 ஜனவரியில், கோவையில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூர் போனார். உடல் தகுதிச் சோதனையில் அடிபட்டு கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. அந்த வயசில் அந்தப் படுக்கையில் கிடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சஹல் சிகிச்சை தந்து தெம்பும் தந்தார். ராமகிருஷ்ணன் 1981-ல் தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் ஒரு சங்கம் ஆரம்பித்து, அதற்கு அந்த டாக்டர் பெயரையே வைத்தார். அதுதான் அமர் சேவா சங்கம். ஒரு கூரைக் கொட்டகையில் சில குழந்தைகளோடு ஆரம்பித்தது. பிற்பாடு வந்து தோள் கொடுத்த எஸ். சங்கர ராமன் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். தசைச் சிதைவு நோயால் அவருக்கும் சக்கர நாற்காலிதான். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த வளாகத்துக்குள் நுழைகிற புதுசுக்கு யாரும் லெக்சர் அடிக்க வேண்டியதில்லை. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறவரே நாற்காலியில் இருக்கிறாரே!

வேலூரிலும் ஒருவர் இருந்தார். சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்த் தானே பயிற்சி எடுத்து, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறந்தது. தண்டுவடம் அடிபட்ட பழைய பேஷன்ட்டுகள் அங்கே திரும்ப வந்து கூடுகிற 'ரீஹாப் மேளா' இருக்கிறது. விளையாட்டு, செக்கப், அரட்டை எல்லாம் உண்டு. நேற்று வந்து படுத்த பையன், பத்து வருஷம் முந்தி படுத்தவர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு போவதைப் பார்க்கிறான். மாத்திரையில் அடங்காத வைத்தியம்.

இனி, கொஞ்சம் கசப்பு.

இதற்கெல்லாம் இப்போது வாட்ஸப் குரூப்பும் வந்துவிட்டது. நல்லதுதான். நடுராத்திரி வலிக்கும்போது 'நானும் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்' என்று ஒரு வரி வந்தால் பாதி வலி குறைகிறது. ஆனால் அங்கேயும் அந்தப் பெரியப்பா உறுப்பினராகி விடுகிறார்! ஒருத்தர் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் போடுவார், நாலு பேர் ஜாதகம் மாதிரி பலன் சொல்வார்கள். 2015-ல் வந்த ஒரு ஆய்வைக் கேளுங்கள். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் விவரங்களைச் சேர்த்துப் பார்த்ததில், இருபது வயசுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். எண்பது வயசில் 96 சதவீதம். அதாவது ரிப்போர்ட்டில் 'தேய்மானம்' என்று இருந்தால் பாதி நேரம் அது நரைமுடி மாதிரி. மிரள வேண்டாம், மிரட்டவும் வேண்டாம்.

'உடனே பண்ணிடு', 'பண்ணவே பண்ணாதே' இரண்டையும்கூட அண்ணாக்கள் சொல்லக்கூடாது. கால் நரம்பு வலியில் இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் சீக்கிரம் ஆபரேஷன், மீதிப் பேரைக் காத்திருக்கச் சொல்லிப் பார்த்தார்கள் நெதர்லாந்தில். 2007-ல் முடிவு வந்தது. சீக்கிரம் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. ஆனால் ஒரு வருஷம் கழித்து இரண்டு கோஷ்டியிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டார்கள் என்பதும் நிஜம். யார் எந்த ரகம் என்று உங்களைத் தொட்டுப் பார்த்த டாக்டருக்குத்தான் தெரியும். தேங்காய் வியாபாரிக்குத் தெரியாது. பொள்ளாச்சி அண்ணா இதில் கெட்டி. மாத்திரை பற்றிக் கேட்டால், "அது டாக்டர்கிட்ட கேளுங் தம்பி" என்று போனை வைத்துவிடுவார்.

இன்னொன்றுக்கு குரூப்பும் வேண்டாம், அண்ணாவும் வேண்டாம். சிறுநீர் வராமல் அடைப்பது, தொடை நடுவே உட்காரும் இடம் மரத்துப் போவது, பாதம் தொங்குவது, காலில் பலம் குறைந்துகொண்டே போவது... இதில் எது வந்தாலும் ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிதான். சில மணி நேரத் தாமதம் ஆயுசுக்கும் பாதிக்கும். ஆபரேஷன் பண்ணினவருக்குக் காய்ச்சலோ, தையலில் கசிவோ இருந்தாலும் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட வேண்டும்.

உங்கள் செக்‌ஷனில் யாருக்காவது நாளைக்கு ஆபரேஷன் என்றால் ஹார்லிக்ஸ், ஆப்பிளோடு போங்கள், தப்பில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஆட்டாதீர்கள். வார்டு நர்ஸிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ, 'இதே ஆபரேஷன் ஆகி ஆறு மாசம் ஆனவர் யாராவது பேசச் சம்மதிப்பாரா?' என்று அவருக்காகக் கேட்டுப் பாருங்கள். அவர் திரும்பி ஆபீஸ் வந்ததும் அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நடப்பார். மேனேஜர் முறைத்தால் காரணம் சொல்லுங்கள். நிற்பதைவிட உட்கார்வதில்தான் டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம் என்று ஸ்வீடனில் நாச்செம்சன் என்ற டாக்டர் 1960-களில் டிஸ்க்குக்குள்ளேயே ஊசி செருகி அளந்து பார்த்திருக்கிறார். (செருகிக்கொண்ட புண்ணியவான்கள் வாழ்க!)

கணபதி நண்பர் இப்போது ஷிப்ட்டுக்குப் போகிறார். மூட்டை தூக்குவதில்லை, கணக்கு மட்டும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அவர் போன் பிஸி. வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் கடுப்புதான். போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு பேங்க் கேஷியர். ஆபரேஷன் ஆகி ஐந்தாம் நாள். பத்து நிமிஷம் ஊர்க்கதையே பேசிக்கொண்டிருந்தாராம், கேட்க வந்ததைக் கேட்காமல்.

நண்பர்தான் ஆரம்பித்து வைத்தார்: "ஏனுங் சார், தும்மல் பயமுங்களா?"