சக்தியைக் கூறு போடாதீங்க சாமி!

'சக்தி' குழுவைப் புதுசா கேக்க வர்றவனுக்கு எந்த ஆல்பத்தை முதல்ல கையில குடுக்கிறது? நம்ம மக்கள் ரெண்டு பதில் ரெடியா வச்சிருக்காங்க. ஒண்ணு, 2001-ல வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'. இன்னொண்ணு, 1977-ல வந்த 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்'. எட்டும் சின்னச் சின்னப் பாட்டு, புதுசா வர்றவன் பயப்பட மாட்டானாம்!

ரெண்டும் வேலைக்காகாதுங்கறது என் கட்சி. குடுக்க வேண்டியது 1976-ல வந்த முதல் ஆல்பம். 1975 ஜூலை 5, அமெரிக்காவுல சவுத்தாம்ப்டன் கல்லூரி மேடையில நடந்த கச்சேரியோட பதிவு. மொத்தமே மூணு உருப்படி. 18 நிமிஷம் புயல், அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கும் கம்மியா ஒரு தென்றல், கடைசியா ஏறக்குறைய 29 நிமிஷம் ஒரே பாட்டு.

"29 நிமிஷமா? ஓடிருவான்யா"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. ப்ராக்ரெஸிவ் ராக் ரசிகனுக்கு நீளம் என்னிக்குப் பயமா இருந்துச்சு? 'யெஸ்' குழுவோட 'யெஸ்சாங்ஸ்' 1973-ல மூணு எல்பி-யா வந்துச்சு. முந்தின வருஷம் பல ஊர்ல நடந்த கச்சேரிகள்லேருந்து பொறுக்கிச் சேர்த்தது. அந்தக் குழுவுக்கு அது நல்ல வாசல்தான், மறுக்கல. ஏன்னா அவங்க பாட்டு பெரும்பாலும் முன்னாடியே கட்டி முடிச்ச வீடு. எந்த ஊர்ல வாசிச்சாலும் சுவர் அதே இடத்துலதான் நிக்கும்.

சக்தி அப்படியில்ல. மின்சார கிட்டாரோட மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா நடத்திக்கிட்டு இருந்த ஜான் மெக்லாலின், அதை விட்டுட்டு அக்கூஸ்டிக் கிட்டாரோட தரையில உக்காந்தாரு. பக்கத்துல எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராகவன் மிருதங்கம். ஒருத்தர் போட்ட கணக்கை இன்னொருத்தர் காதால வாங்கி, அங்கயே பதில் சொல்லணும். வீடு நம்ம கண்ணு முன்னாடி எழும்புது. இதுல நடுவுல வெட்டி எடுத்தா கையில என்ன மிஞ்சும்? செங்கல்தான்.

தரங்கம்பாடியிலேருந்து மாயவரம் போற ரோட்டுலதான் செம்பனார்கோயில் இருக்கு. ரக்தி மேளத்துக்குப் பேர் போன நாகஸ்வரக் குடும்பத்தோட ஊரு. சாமி புறப்பாட்டுல மல்லாரியை மூணு காலத்துலயும் வாசிக்கறப்ப, "வேகமா வர்ற இடத்தை மட்டும் வாசிங்க"ன்னு எவனாச்சும் கேப்பானா? முதல் காலத்துல நின்னு கேட்டாதான் மூணாவது காலத்துல மயிர்க்கூச்செறியும்.

பாம்பே ஆல்பம் மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், சங்கர் மகாதேவன், சிவகுமார் சர்மா, சிவமணின்னு திருவிழாக் கூட்டம். ஆனா திருவிழாவுல சொந்தக்காரங்களை அறிமுகப்படுத்தினா பேரு கூட மனசுல நிக்காது. முதல்ல அந்த அஞ்சு பேரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. திருவிழா அப்புறம்.

இதைவிடக் கொடுமை இப்ப சுத்துற ஒரு நிமிஷத் துண்டுங்க. விக்கு சார் பானையில பொரிஞ்சு தள்ற இடம் மட்டும். பாக்கறவன் "செம ஸ்பீடு"ன்னுட்டு அடுத்ததுக்குப் போயிடறான். 28 நிமிஷம் காத்திருந்து, மத்தவங்களுக்கு இடம் விட்டு வாசிச்ச மனுசனை வித்தை காட்டுறவரா ஆக்கிட்டோம்!

ஸ்ரீநிவாஸ் 2014-ல போயிட்டார். 2023-ல 'திஸ் மொமெண்ட்' வந்து, 2024-ல கிராமியும் வாங்கிச்சு. அதே வருஷம் டிசம்பர்ல ஜாகிரும் போயிட்டார். இனிமே அவங்களை டிக்கெட் வாங்கிப் பாக்க வழியில்ல. புதுசா வர்ற பிள்ளைக்கு அவங்க முன்னாடி உக்கார மிச்சமிருக்கற ஒரே இடம் இந்த மாதிரி ஒரு முழுப் பதிவுதான். அதையும் கூறு போட்டுக் குடுத்தா எப்படி?

டிஸ்கி: ஹெட்போன் கட்டாயமில்ல. 52 நிமிஷம் போனைத் தள்ளி வச்சாப் போதும்.