மாட்ரிட்டிலிருந்து சென்ற கடிதங்கள்

1936-ம் வருஷம் நவம்பர் மாதம் ஜெனரல் பிராங்கோவின் படைகள் மாட்ரிட் நகரின் வாயிலை எட்டிவிட்டன. ஸ்பெயின் குடியரசுச் சர்க்கார் 6-ந் தேதி வாலென்சியாவுக்குப் புறப்பட்டது. நகரத்து ஜனங்கள் எங்கே போவார்கள்? ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அவர்கள் தலைமீது குண்டுமாரி பொழிந்தன. பிராடோ சித்திரசாலையும் தப்பவில்லை. செல்வந்தர்கள் வசித்த சலமாங்கா வட்டாரத்தில் மாத்திரம் பெரும்பாலும் சேதமில்லை. குண்டுகளுக்கும் வீதி பார்த்து விழத் தெரியும் போலும்!

இவையெல்லாம் லண்டனுக்குத் தெரியாதென்று எவரும் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ஸ்தானிகர் ஸர் ஹென்றி சில்டன் பிரெஞ்சு எல்லையிலுள்ள ஹெண்டேயில் பத்திரமாக இருந்தார். அவருக்குப் பதிலாகக் காரியம் பார்த்த ஓகில்வி-போர்ப்ஸ் நகரிலிருந்தே நிலைமையைத் தெரிவித்து வந்தார்.

நமது அனுதாபம் குடியரசின் பக்கமே. ஆயினும் ஒன்றை மறைப்பது தர்மமாகாது. அதே நவம்பரிலும் டிசம்பர் ஆரம்பத்திலும் மாட்ரிட் சிறைகளிலிருந்து கைதிகள் கூட்டங் கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டு, பாரகுவேல்லோஸ் கிராமத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை விசாரித்து அறிவித்தவர்களும் அந்நிய ஸ்தானிகாலயத்தாரே. குடியரசின் பெயரால் நடந்தமையால் அது கொலையன்றென்று ஆகிவிடாது. எழுதியவர்கள் செய்தது சரியே.

ஆகவே நமது குற்றச்சாட்டு எழுதியவர்கள் மீதன்று, படித்தவர்கள் மீது. சிறைக் கொலைகளைப் பற்றிய செய்தி, குடியரசின்மீது பிரிட்டிஷ் மந்திரிகளுக்கு முன்பே இருந்த வெறுப்பை வளர்க்கப் பயன்பட்டது. குண்டுவீச்சைப் பற்றிய செய்தியோ அவர்கள் கொள்கையை அணுவளவும் அசைக்கவில்லை. 1936 செப்டம்பர் முதல் லண்டனில் தலையிடாமைக் கமிட்டி கூடி வந்தது. குண்டு வீசிய ஜெர்மனியும் இத்தாலியும் அதில் அங்கத்தினர்கள்! நவம்பர் 18-ந் தேதி அவ்விரு நாடுகளும் பிராங்கோவின் ஆட்சியை அங்கீகரித்தன. அதன் பிறகும் அவர்களுக்கு அந்த மேஜையில் ஆசனம் இருந்தது. சட்டபூர்வமான சர்க்காருக்கோ ஆயுதம் வாங்கும் வழி அடைக்கப்பட்டது. இதற்குத்தான் நடுநிலைமை என்று பெயர்.

அந்த லண்டனுக்கு அன்று அடிமைப்பட்டிருந்த நமது தேசத்திலிருந்து ஜவாஹர்லால் நேரு 1938 ஜூனில் பார்சிலோனாவுக்குச் சென்று, குண்டுவீச்சுக்கிடையே வாழ்ந்த ஜனங்களைக் கண்டு வந்தார். கண்டதை வெளிப்படையாகச் சொன்னார். அவருக்குப் படையில்லை, சர்க்காருமில்லை.

1939 பிப்ரவரி 27-ந் தேதி பிரிட்டன் பிராங்கோவை அங்கீகரித்தது. அன்று மாட்ரிட் விழுந்திருக்கவில்லை. அது விழுந்தது மார்ச் 28-ந் தேதி.