பட்டியலில் இல்லாத பிள்ளைகள்



2017 பிப்ரவரியில் மத்திய அரசு தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியபோது முதற்கட்டத்திலேயே தமிழகமும் கர்நாடகமும் இருந்தன. 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட அனைவருக்கும் ஊசி. தமிழகத்தில் மருந்தைவிட வாட்ஸ்அப் வதந்தி விரைந்து பரவியது. பெற்றோர் பலர் தயங்கினர். ரூபெல்லா கர்ப்பிணியைத் தாக்கினால் சிசு செவியையோ பார்வையையோ இழந்து பிறக்கக்கூடும் என்பது அந்த வதந்தியில் இல்லை.

வதந்தியாவது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குப் பெரிய கவலை பட்டியலைப் பற்றியது. தெருவாரியாகச் செவிலியர் எழுதும் கணக்கை வைத்தே மருந்துக் குப்பிகளும் குளிர்பெட்டிகளும் புறப்படுகின்றன. பேரிகை எல்லையூர். மாலூரிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கி ஓதும் பிள்ளையை யார் கணக்கில் எழுதுவார்கள்? பெயர் உள்ள ஊரில் அவன் இல்லை. அவன் உள்ள ஊரில் பெயர் இல்லை. 10, 16 வயதுகளில் போட வேண்டிய ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசியும் பள்ளிக்கூடம் செல்லாதவனுக்கு எளிதில் தவறிவிடும்.

உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தை மறுத்த குடும்பங்களிடம் ஆலிம்கள் நேரில் சென்று பேசினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் அழைத்தன. 2011 ஜனவரிக்குப் பின் இயற்கையான போலியோ வைரஸ் இந்நாட்டில் எவரையும் முடக்கவில்லை.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்க, யாரேனும் கேட்டு வரட்டும் என்று நிர்வாகிகள் காத்திருப்பது முறையன்று. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பெயர், வயதுப் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாமே கொடுப்போம். ஊசி நாள் புதன்கிழமை. அன்று காலை ஓதலைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும்.