வீட்டு வேலை உடற்பயிற்சி ஆகுமா? ஒரு மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் கேள்வி

பெங்களூரு: முப்பது வயதைக் கடந்தவர்களின் வீட்டுக் கதவைத் தட்டும் ஆஷா பணியாளரின் கையில் ஒரு படிவம் இருக்கிறது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் நிரப்பப்படும் அந்தப் படிவத்தில் வயது, புகையிலைப் பழக்கம், மதுப்பழக்கம், இடுப்புச் சுற்றளவு, பெற்றோருக்கு இருந்த நோய்கள் ஆகியவற்றுடன் மற்றொரு கேள்வியும் உண்டு. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் உடல் இயக்கச் செயல்பாட்டில் ஈடுபடுகிறீர்களா என்பதே அது. ஆம் என்றால் பூஜ்ஜியம். இல்லை என்றால் ஒரு மதிப்பெண். மொத்த மதிப்பெண் நான்கைத் தாண்டினால் அவர் முன்னுரிமை அடிப்படையில் பரிசோதனைக்கு அனுப்பப்பட வேண்டியவர்.

விடியற்காலையில் எழுந்து, வாசல் பெருக்கி, தண்ணீர் பிடித்து, சமைத்து, பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, தரை துடைத்த ஒரு பெண்மணி இக்கேள்விக்கு என்ன விடையளிப்பார்? "நாள் முழுக்க வேலைதானே செய்கிறேன்" என்பார். அது ஆம் என்று பதிவாக வேண்டுமா, இல்லை என்று பதிவாக வேண்டுமா? படிவம் அதை விளக்கவில்லை. பதிவு செய்பவரின் மனப்போக்கே அந்த மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது.

இது ஏட்டளவிலான ஐயம் அன்று. கர்நாடக அரசு 2024 அக்டோபரில் கோலார் மாவட்டத்தில் தொடங்கிய 'கிருஹ ஆரோக்கிய' திட்டம், 2025-இல் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. வீடு தேடிச் சென்று நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் உள்ளிட்ட 14 தொற்றா நோய்களைக் கண்டறிவது அதன் நோக்கம். அதே 2025-ஆம் ஆண்டின் ஜூன், ஜூலை மாதங்களில் ஹாசன் மாவட்டத்தில் அடுத்தடுத்து வெளியான மாரடைப்பு மரணச் செய்திகளால் அச்சமுற்ற மக்கள், பெங்களூருவின் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் பரிசோதனைக்காகத் திரண்டதும் நினைவிருக்கலாம். 'நமக்கு உடற்பயிற்சி போதுமா' என்ற கேள்வி அப்போது வீடுதோறும் எழுந்தது.

2,023 நிமிடங்களும் 57 சதவீதமும்

இரண்டு புள்ளிவிவரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இச்சிக்கலின் முழு உருவம் தெரியும்.

மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு சராசரியாக 289 நிமிடங்களை அவற்றில் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். பெண்களின் கணக்கை வாரத்திற்குப் பெருக்கினால் 2,023 நிமிடங்கள். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் 150 நிமிடங்களைப் போல் இது பதின்மூன்று மடங்குக்கும் மேல்.

ஆனால் 2024 ஜூனில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு, 2022-ஆம் ஆண்டில் இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை என்கிறது. ஆண்களில் இது 42 சதவீதம். இருபாலரையும் சேர்த்தால் ஏறத்தாழ பாதிப்பேர். 2000-ஆம் ஆண்டில் இந்த அளவு சுமார் 22 சதவீதமாகவே இருந்தது.

வீட்டு வேலையைக் கணக்கில் சேர்க்காததால்தான் இந்த முரண்பாடு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வு பணியிடம், வீடு, பயணம், ஓய்வுநேரம் என நான்கு தளங்களிலும் நிகழும் உடல் இயக்கத்தைச் சேர்த்தே கணக்கிட்டது. வீட்டு வேலையைச் சேர்த்த பிறகும் 57 சதவீதம் என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

இதற்கு விடை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று வேலையின் தீவிரம். மற்றொன்று கேள்வி கேட்கப்படும் முறை.

எந்த வேலைக்கு எவ்வளவு மூச்சு?

உடல் இயக்கத்தை அளப்பதற்கு அறிவியலாளர்கள் பயன்படுத்தும் அலகு 'மெட்'. அசையாமல் அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஒரு மெட். அதன் மூன்று மடங்கு முதல் ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு வரையிலான செயல்கள் மிதமானவை. ஆறு மடங்கும் அதற்கு மேலும் சென்றால் தீவிரமானவை. 150 நிமிடம் என்ற பரிந்துரை, மிதமான அளவைத் தொடும் நிமிடங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இந்த அளவுகோலில் வீட்டு வேலைகள் ஒரே தட்டில் நிற்பதில்லை. நின்றுகொண்டு சமைப்பதும், தொட்டியருகே பாத்திரம் துலக்குவதும், துணி மடிப்பதும் பெரும்பாலும் மூன்று மெட் என்ற கோட்டுக்குக் கீழே நின்றுவிடுகின்றன. வீடு பெருக்குவதும் தரை துடைப்பதும் அந்தக் கோட்டைத் தொட்டுச் சற்றே மேலேறுகின்றன. இவை சுறுசுறுப்பான நடைக்கு ஈடானவை. மண்டியிட்டு அழுத்தித் தேய்த்தால் இன்னும் கூடும். தோட்டத்தில் களையெடுப்பது நான்கு மெட்டை நெருங்கும். மண்வெட்டியால் கொத்துவது ஐந்தைத் தொடும். மளிகைச் சாமான்களுடன் மாடிப்படி ஏறுவது தீவிரப் பயிற்சியின் பட்டியலிலேயே சேர்ந்துவிடும்.

இந்தத் துறையில் பெங்களூருவுக்கு ஒரு பங்குண்டு. மேலைநாட்டு அட்டவணைகளில் இடம்பெறும் வேலைகள் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளுவதும் தூசு உறிஞ்சும் கருவியை இழுப்பதுமாக இருக்க, இந்தியப் பெண்ணின் அன்றாடம் வேறாக இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மரியோ வாஸ் உள்ளிட்டோர் பல்வேறு செயல்களின் ஆற்றல் செலவுகளைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட கட்டுரை, வளரும் நாடுகளின் வேலைகளையும் கணக்கில் கொண்ட தொகுப்பாகும்.

ஆனால் இந்தியப் பெண்ணின் அன்றாடமும் மாறிவிட்டது என்பதை மறக்கலாகாது. கிணற்றில் நீர் இறைத்து, ஆட்டுக்கல்லில் மாவாட்டி, அம்மியில் அரைத்து, கல்லில் துணி அடித்துத் துவைத்த தலைமுறைக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ உள்ள ஒரு குறுகிய தெரு வீட்டில் இன்று கிணறும் இல்லை, கொல்லையும் இல்லை. கிரைண்டர், மிக்ஸி, துவைக்கும் இயந்திரம், நீண்ட கைப்பிடி கொண்ட துடைப்பான் ஆகியவை வந்துவிட்டன. வேலைக்கான நேரம் பெரிதாகக் குறையவில்லை. வேலையில் இருந்த மூச்சிரைப்பு குறைந்துவிட்டது. அந்தப் பழைய உழைப்பு திரும்ப வேண்டும் என்று ஏங்குவோர் பெரும்பாலும் அம்மியில் அரைத்தவர்களாக இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

விதிவிலக்கான நாட்களும் நகரத்துக்கு வந்ததுண்டு. 2024 மார்ச்சில் பெங்களூருவின் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்காகக் குடங்களுடன் பலர் காத்திருந்தனர். இருபது லிட்டர் கேன் என்பது இருபது கிலோ எடை. அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறியவர்களுக்குத் தனியே பளு தூக்கும் பயிற்சி தேவைப்பட்டிருக்காது. அதே மாதத்தில் குடிநீரைத் தோட்டத்திற்குப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததால், செடிகளுக்கு நீர் ஊற்றும் வேலை மட்டும் பலருக்கு நின்றுபோனது.

பத்து நிமிட விதி

இரண்டாவது காரணம் கேள்வியின் அமைப்பில் உள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் உடல் இயக்க வினாத்தாள், வீட்டு வேலையை 'வேலை' என்ற தலைப்பிலேயே சேர்க்கிறது. ஊதியம் உண்டா இல்லையா என்று பார்ப்பதில்லை. இது பாராட்டத்தக்கது. ஆனால் குறைந்தது பத்து நிமிடங்கள் தொடர்ச்சியாக மூச்சையும் இதயத் துடிப்பையும் கூட்டும் செயல்களையே அது கேட்கிறது. வீட்டு வேலையின் இயல்போ அறுபட்டு அறுபட்டு நிகழ்வது. நான்கு நிமிடம் பெருக்குவதற்குள் குக்கர் கூப்பிடும். துடைக்கத் தொடங்கினால் அழைப்பு மணி ஒலிக்கும்.

2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்நிறுவனம் பத்து நிமிட நிபந்தனையைக் கைவிட்டது. ஒவ்வோர் அசைவும் கணக்கில் சேரும் என்பதே புதிய நிலைப்பாடு. இதற்கு வலுவூட்டும் வகையில் 2022 டிசம்பரில் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்வதில்லை என்று கூறிய 25,241 பேரின் கையில் கட்டிய கருவிகளின் பதிவுகளை சிட்னி பல்கலைக்கழகத்தின் இம்மானுவேல் ஸ்டமடாகிஸ் தலைமையிலான குழு ஆராய்ந்தது. அன்றாட வேலைகளுக்கிடையே நாளொன்றுக்கு மூன்று முறை, ஓரிரு நிமிடங்கள் மட்டும் மூச்சு வாங்க இயங்கியவர்களிடம், அவ்வாறு இயங்காதவர்களைக் காட்டிலும் மரண அபாயம் 38 முதல் 40 சதவீதம் வரை குறைவாகக் காணப்பட்டது. இது காரண காரியத்தை நிறுவும் சோதனை அன்று. தொடர்பைக் காட்டும் ஆய்வு மட்டுமே. ஆயினும் புறந்தள்ளக்கூடியதன்று.

இந்தியாவையும் உள்ளடக்கிய சான்று 2017-இல் 'லான்செட்' இதழில் வந்தது. 17 நாடுகளில் 1.3 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த 'பியூர்' ஆய்வில் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் சுமதி சுவாமிநாதனும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர் ஆர்.எம். அஞ்சனாவும் பங்களித்தனர். வாரம் 150 நிமிட இயக்கம், அது விளையாட்டாக இருந்தாலும் வீட்டு வேலையாகவோ பணிக்கு நடந்து செல்வதாகவோ இருந்தாலும், 28 சதவீதம் குறைந்த மரண அபாயத்துடனும் 20 சதவீதம் குறைந்த இதயநோய் அபாயத்துடனும் தொடர்புடையதாக இருந்தது. வாரத்திற்கு 750 நிமிடங்களுக்கு மேல் என்ற உயர்ந்த அளவை ஓய்வுநேரப் பயிற்சியால் மட்டும் எட்டியவர்கள் 2.9 சதவீதமே. வீட்டு வேலை, தொழில், பயணம் ஆகியவற்றைச் சேர்த்தபோது அது 37.9 சதவீதமாக உயர்ந்தது.

எதிர்த்தரப்புச் சான்றுகள்

இத்துடன் வழக்கு முடிந்தது என்று தீர்ப்பெழுத முடியவில்லை. வடக்கு அயர்லாந்தில் 4,563 பேரிடம் மேரி மர்ஃபி தலைமையிலான குழு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மொத்த உடல் இயக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீட்டு வேலைதான் என மக்கள் கூறியிருந்தனர். ஆனால் வீட்டு வேலையை அதிகமாகக் கணக்குக் காட்டியவர்களே உடல் பருமன் கூடுதலாக உடையவர்களாக இருந்தனர். செய்த வேலையின் தீவிரத்தை மனம் மிகைப்படுத்திக் கொள்கிறது என்பது ஒரு விளக்கம். சோர்வையும் பயிற்சியையும் ஒன்றெனக் கருதும் பிழை நம்மிடமும் உண்டு. ஐந்து மணி நேரம் நின்றதால் கால் வலிக்கலாம். அதனால் இதயம் வலுப்பெற்றது என்று பொருளாகாது.

இன்னும் சங்கடமான சான்று டென்மார்க்கிலிருந்து வருகிறது. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைத் தொடர்ந்த ஆய்வை ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் குழுவினர் 2021-இல் வெளியிட்டனர். ஓய்வுநேரத்தில் மிகுதியாக இயங்கியவர்களுக்கு மரண அபாயம் 40 சதவீதம் குறைவு. பிழைப்புக்காக மிகக் கடுமையாக உடலுழைத்தவர்களுக்கோ 27 சதவீதம் அதிகம். இளைப்பாற இடைவெளியின்றி, குனிந்தே, பல மணி நேரம் தொடரும் உழைப்பு இதயத்துக்குப் பயிற்சியாகாமல் பாரமாகிறது என்பது அவர்களின் கருதுகோள்.

பெங்களூருவில் இதன் பொருளை உணர அதிகாலையில் தெருவில் நின்றாலே போதும். லால்பாக்கில் ஒருவர் கைவீசி நடக்கிறார். அதே நேரத்தில் வெளிச்சாலையில் பௌரகார்மிகப் பெண் ஒருவர் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கிறார். ஒயிட்ஃபீல்டின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்காரர் கீழ்த்தளத்து டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருக்க, மேல்தளத்தில் அவர் வீட்டுத் தரையை வேறொருவர் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது அன்றைய மூன்றாவது வீடாகவும் இருக்கலாம். மெட் கணக்கில் இருவரும் அருகருகே நிற்கலாம். ஆனால் நடப்பவர் களைத்தால் நிற்கலாம். பெருக்குபவரால் நிற்க முடியாது.

ஆகவே 'வீட்டு வேலையே போதும்' என்ற வாக்கியம் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தன் உழைப்பை மருத்துவர் மதிக்க வேண்டும் என்று ஒரு பெண் அதைச் சொன்னால் அது நியாயமான கோரிக்கை. பூங்காவுக்கு நடக்கப் போகிறேன் என்னும் மருமகளிடம் வேறொருவர் அதைச் சொன்னால், அவருக்குக் கிடைக்கவிருந்த அரை மணி நேரத்தைப் பறிப்பதற்கான சாக்கு. தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் நடத்தப்பட்ட ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் 2014-ஆம் ஆண்டு அறிக்கையில், பொழுதுபோக்காக உடல் இயக்கத்தில் ஈடுபட்டவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு எனக் கண்டறியப்பட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது பருமன் உடையவர்கள். இவர்களில் வீட்டு வேலை செய்யாதவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

எப்படிக் கேட்பது?

இந்தியர்களுக்கென நிபுணர்கள் கூடி 2012-இல் வெளியிட்ட பரிந்துரை ஒரு நடைமுறை வழியைக் காட்டுகிறது. நாளொன்றுக்கு 60 நிமிட இயக்கம் வேண்டும். அதில் 30 நிமிடம் வேகநடை போன்ற பயிற்சி, 15 நிமிடம் அன்றாட வேலை சார்ந்த இயக்கம், 15 நிமிடம் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி என்று அது பிரிக்கிறது. வேலைக்கும் இடமுண்டு, வேலை மட்டுமே போதாது. குறிப்பாக, வாரத்தில் இரு நாட்களேனும் தேவை என உலக சுகாதார நிறுவனம் கூறும் தசைப் பயிற்சியை இன்றைய சமையலறை தருவதில்லை.

ஆஷா பணியாளரின் படிவத்துக்கு இது எவ்வாறு உதவும்? '150 நிமிடம் உண்டா' என்று கேட்பதற்குப் பதிலாக, 'எந்த வேலை செய்யும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்குகிறது? அது ஒரு நாளில் எத்தனை நிமிடம்?' என்று கேட்கலாம். மருத்துவர்கள் மிதமான பயிற்சியை அடையாளம் காட்டப் பயன்படுத்தும் எளிய சோதனை இதுவே. கருவி வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். பதில் பத்து நிமிடம் என்று வந்தால் வாரத்திற்கு 70. இன்னும் 80 தேவை. அந்த 80 நிமிடங்களுக்கு வீட்டில் அடுப்பை யார் பார்த்துக்கொள்வார் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆண்களின் 88 நிமிடங்கள் 289-ஐ நோக்கி எவ்வளவு நகரும் என்பதில்தான் அந்தப் பதில் இருக்கிறது.