ஊர் வைத்த பெயரும் எழுதி வைக்காத முதலாளிகளும்

வியாழக்கிழமை காலையில் திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்த ஊருக்கு எவ்வளவு பெரிய பெயர் இருக்கிறது என்று. திருச்சி, கரூர், மதுரை வியாபாரிகள் இருட்டு விலகுமுன் வந்து இறங்குவார்கள். தீபாவளி, பொங்கல், பக்ரீத் நெருங்கினால் ஒரே நாளில் கோடிக்கணக்கில் பணம் கைமாறும். தக்காளிச் சந்தைக்கும் அதே மதிப்பு. ஆனால் ஆடு வண்டியேறியதும் அந்தப் பெயர் சந்தையோடு நின்றுவிடுகிறது. பெட்டியில் போகும் தக்காளிக்கும் ஊர் கிடையாது. விலை விழுந்தால் சாலையோரம் கொட்டப்படும் சரக்காகத்தான் அது மிஞ்சுகிறது.

வணிகப் பெயர் என்றாலே நம் முதலாளிகள் பலருக்குப் பலகையும் அதன் வண்ணமும் லோகோவும்தான் நினைவுக்கு வருகின்றன. கடை திறக்குமுன் பெயர்ப் பொருத்தம் பார்க்கிறார்கள், எண் கணிதப்படி ஓர் எழுத்தைக் கூட்டுகிறார்கள், விளக்குப் பலகைக்கு ஒரு லட்சம் செலவழிக்கிறார்கள். அந்தப் பெயரைப் பதிவு செய்தீர்களா என்று கேட்டால், ‘ஜிஎஸ்டி எடுத்தாச்சு’ என்கிறார்கள். ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கானது. பெயரின் மேல் அது யாருக்கும் எந்த உரிமையும் தராது.

இந்த மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது. 1957-இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் திறந்த கடையின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் தலையில் எப்போதும் தலைப்பாகை இருக்கும். சாப்பிட வந்தவர்கள் ‘தலப்பாக்கட்டிக் கடை’ என்றார்கள். பலகையில் இருந்தது முதலாளி வைத்த பெயர், ஊர் வாயில் நிலைத்தது வாடிக்கையாளர் வைத்த பெயர். சீரகச் சம்பா அரிசியும் கறியின் பக்குவமும் சேர்ந்து அந்த இரண்டாவது பெயரைத்தான் வளர்த்தன. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவும் இப்படித்தான் பெயர் பெற்றது. மங்கிய விளக்கில் விற்ற கடைக்கு ஊரே பெயர் சூட்டியது.

ஊர் சூட்டும் பெயரை எந்த விளம்பர நிறுவனமும் விலைக்குச் செய்து தர முடியாது. அதனால்தான் அதை மற்றவர்களும் தேடி வருகிறார்கள். தலப்பாக்கட்டி, தலப்பாக்கட்டு, தலப்பா என்று எழுத்தை மாற்றிப் பல கடைகள் முளைத்தன. உரிமை யாருடையது என்ற சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் பதிவு செய்யாதவரையும் கைவிடுவதில்லை. நெடுங்காலப் பயன்பாட்டை நிரூபித்தால் நீதி கேட்கலாம். ஆனால் அதற்குப் பழைய ரசீதுகளும் சாட்சிகளும் வேண்டும், வழக்கறிஞருக்குப் பணமும் வேண்டும். உங்களுக்கு முன்பே இன்னொருவர் அதே பெயரில் தொழில் செய்திருந்தால், நீங்கள் பதிவு செய்த பிறகும் அவரை நிறுத்த முடியாது. சட்டத்தின் 34-ஆவது பிரிவு அவருக்கு அரண். சிறு வணிகர் இணைய வழியில் பதிவுக்கு விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய்தான். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விளக்குப் பலகைக்கு ஆகும் செலவில் இது எத்தனையில் ஒரு பங்கு?

நகல் எடுப்பவரின் தவறு இன்னும் பெரியது என்பேன். நெடுஞ்சாலையில் பிரபலக் கடையின் பெயரைச் சற்றே திரித்து மாட்டுபவர், முதல் நாள் வியாபாரத்துக்காகத் தன் இருபது வருட உழைப்பை அடுத்தவர் கணக்கில் எழுதுகிறார். சாப்பாடு நன்றாக இருந்தால் புகழ் அசல் கடைக்குப் போகும். நன்றாக இல்லையென்றால் ‘இது டூப்ளிகேட்’ என்பார்கள்.

தனிக்கடைக்கு இருக்கும் இந்த ஆபத்து ஒரு தொழிலுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதைத் திண்டுக்கல் பூட்டில் பார்த்தோம். கையால் அறுத்து, ராவி, நெம்புகோல் பொருத்திய மாங்காய்ப் பூட்டு நாடெங்கும் போனது. பிறகு அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து குவிந்தன. திண்டுக்கல் கடைகளிலேயே அவை விற்றன. வெளியூர்க்காரர் திண்டுக்கல் பூட்டு என்று நம்பி எதையோ வாங்கிப் போனார். ஊர்ப்பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு திண்டுக்கல் பூட்டுக்குக் கிடைத்தது 2019-இல்தான். அதற்குள் பட்டறைகள் பல மூடிவிட்டன, தொழிலாளர் பிள்ளைகள் நூற்பாலைக்குப் போய்விட்டார்கள். இந்த மாவட்டத்துப் புகையிலைக்கு நேர்ந்தது இதைவிடப் பழைய கதை. திண்டுக்கல் வட்டார இலையில் சுருட்டிய சுருட்டு ‘திருச்சினாப்பள்ளி’ என்ற பெயரில் லண்டன் போனது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலை வைத்து அந்தச் சுருட்டைத் துப்பறிவாளர் அடையாளம் காண்கிறார். திண்டுக்கல் பெயர் அங்கே இல்லை.

புவிசார் குறியீடு வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அதைச் சட்டப்படி பயன்படுத்த ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். 2020-இல் அந்தக் கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பணம் இனி ஒரு தடையில்லை. விண்ணப்பத்தை நிரப்பித் தர ஊரில் ஆள் இல்லாததுதான் தடை, மாவட்டத் தொழில் மையம் பட்டறைகளுக்கே வந்து அதைச் செய்ய வேண்டும்.

அய்யலூருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ‘அய்யலூர்’ என்ற ஊர்ப்பெயரை ஒரு கறிக்கடைக்காரர் மட்டும் தனக்கென்று பதிந்துகொள்வது எளிதல்ல, அப்படிப் பதிவதும் நியாயமாகாது. ஆனால் சங்கமாகச் சேர்ந்தவர்கள் கூட்டு வணிகக் குறி பெறச் சட்டத்தில் இடமிருக்கிறது. தக்காளி விவசாயிகள் ஒரு சங்கமாகக் கூடி, தரம் பிரித்து, பெட்டியில் தங்கள் குறியை அச்சிடட்டும். மேலே நல்ல பழம், அடியில் அழுகல் என்று அடுக்குபவரைச் சங்கமே வெளியேற்றட்டும், அந்தக் கண்டிப்பு இல்லாத குறி ஒரு பருவம்கூடத் தாங்காது. பேரூராட்சியும் தோட்டக்கலைத் துறையும் இதற்கான முதல் கூட்டத்தை அடுத்த அறுவடைக்கு முன்பே சந்தையில் வைத்துக் கூட்ட வேண்டும்.

கடை வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வாடிக்கையாளர் உங்கள் கடையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று இந்த வாரமே கேளுங்கள். அந்தப் பெயருக்கு விண்ணப்பம் போடுங்கள்.