விளக்கைக் காட்டி வாயைப் பூட்டுகிறார்கள்!



1975 ஜூன் 25ஆம் நாள் இரவு. நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்து விழுந்தது. அதே இரவில், தில்லியில் செய்தித்தாள் அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பகதூர் ஷா ஜாபர் சாலைக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. தணிக்கை அதிகாரி வந்து பத்தி பத்தியாக அடிப்பதற்கு முன்பே, அச்சு எந்திரம் ஓடாதபடி செய்துவிட்டார்கள்! மின்சாரத்தைக் கையில் வைத்திருப்பவன் நாட்டின் நாவையும் கையில் வைத்திருக்கிறான் என்று காட்டிய இரவு அது.

இன்று அச்சகம் தேவையில்லை. தாராவியிலும் கோரேகாவிலும் கூலி வேலை பார்க்கும் நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் அச்சகம் இருக்கிறது. அதனால் அவர்கள் பிடுங்கும் பியூசும் மாறியிருக்கிறது. இணையத்தை நிறுத்துகிறார்கள், பதிவை முடக்குகிறார்கள், எழுதியவனைத் தேடி வீட்டுக்கு வருகிறார்கள்.

"நாம் பிழைக்க வந்தவர்கள். கரண்டு எங்கிருந்து வந்தால் நமக்கென்ன? வாட்ஸ்அப்பில் எவன் எதை எழுதினால் நமக்கென்ன?" என்று நம்மவர் சிலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: மாதா மாதம் மின்கட்டணச் சீட்டு யார் வீட்டுக்கு வருகிறது? அனல் மின்நிலையத்தின் சாம்பல் யார் கூரையில் விழுகிறது? அணு உலைக்கும் அனல் நிலையத்துக்கும் யார் ஊர்க் கடற்கரையைத் தேடுகிறார்கள்? பதில் ஒன்றுதான்: நம்முடையது! செலவு நம்முடையது என்றால், அதைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் எப்படி வேறொருவனுடையதாக இருக்க முடியும்?

கடலில் எறிவோம் என்றவர்கள்

நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணின் கதையையே எடுத்துக் கொள்வோம். ரத்னகிரி மாவட்டத்தில் டபோல் மின்திட்டம். அமெரிக்காவின் என்ரான் கம்பெனியுடன் 1993இல் காங்கிரஸ் ஆட்சி ஒப்பந்தம் போட்டது. போட்டி ஒப்பந்தப்புள்ளி கிடையாது. என்ன விலைக்கு மின்சாரம் என்பதை மக்களிடம் சொன்னதும் கிடையாது. 1995 தேர்தலில் சிவசேனையும் பாரதிய ஜனதாவும் "என்ரானை அரபிக் கடலில் எறிவோம்" என்று மேடைக்கு மேடை முழங்கின. வென்றார்கள். ஆகஸ்டில் திட்டத்தை ரத்து செய்தார்கள். 1996 தொடக்கத்தில் என்ன நடந்தது? அதே கம்பெனியோடு மறுபடி உடன்பாடு! முன்பு 2,015 மெகாவாட். இப்போது அதைவிடப் பெரிதாக 2,184 மெகாவாட்! அந்த மே மாதம் பதின்மூன்று நாள் மட்டுமே இருந்த வாஜ்பாய் அரசு, போகிற போக்கில் செய்து முடித்த காரியங்களில் ஒன்று, இத்திட்டத்துக்கு மைய அரசின் எதிர் உத்தரவாதம்.

எதிர்த்துப் பேசிய உள்ளூர் மக்களுக்கு என்ன கிடைத்தது? கூட்டம் கூடத் தடை. 1997இல் வெல்தூர் மீனவர் கிராமத்துக்குள் போலீஸ் புகுந்து பெண்களை அடித்து இழுத்துச் சென்றது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 1999இல் இதையெல்லாம் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. விலை கட்டுப்படியாகாமல் 2001இல் மாநில மின்வாரியம் அந்த மின்சாரத்தை வாங்குவதையே நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் என்ரான் திவாலானது. தடியடி வாங்கியவர்கள் சொன்னதுதான் கடைசியில் மெய்யாயிற்று! அவர்களைப் பேச விட்டிருந்தால் எத்தனை கோடி மிச்சமாகியிருக்கும்?

இடைத்தேர்தல் முடிந்த மறுநாள்

இனி நம் சொந்த மாவட்டங்களுக்கு வருவோம். நம்மில் பலர் நெல்லை, தூத்துக்குடிச் சீமைக்காரர்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் உடன்பாடு செய்தார்கள். 2011இல், ஜப்பானில் புகுஷிமா விபத்து நடந்த ஆண்டில், இடிந்தகரை மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அந்தச் செப்டம்பரில் ஜெயலலிதா அமைச்சரவை, மக்களின் அச்சம் தீரும் வரை பணியை நிறுத்துங்கள் என்று தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18இல் சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மார்ச் 19இல் அதே அமைச்சரவை, பணியை நடத்தலாம் என்று பச்சைக்கொடி காட்டியது! வாக்குப்பெட்டி மூடிய மறுநாளே அச்சமெல்லாம் தீர்ந்துவிட்டதாம்! வலை இழுப்பவர்கள், பீடி சுற்றும் பெண்கள் என்று ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன.

அன்று தமிழ்நாடு நாளுக்குப் பல மணி நேரம் இருட்டில் கிடந்தது உண்மை. விசைத்தறி நின்று பட்டினி கிடந்த தொழிலாளியின் துயரமும் உண்மை. கடலை நம்பி வாழும் மீனவனின் பயமும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒரே மேடையில் உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், தறிக்காரனை மீனவனுக்கு எதிரியாக நிறுத்தினார்களே, அதுதான் நம் குற்றச்சாட்டு. அணுமின்சாரம் வேண்டும் என்பவனும் பேசட்டும், வேண்டாம் என்பவனும் பேசட்டும். ஒருவன் கையில் ஒலிபெருக்கியும் மற்றவன் கையில் விலங்கும் இருந்தால் அதற்குப் பெயர் விவாதமா?

2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. பதின்மூன்று உயிர்கள் போயின. மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. வதந்தியைத் தடுக்கவாம்! ஊரில் நடப்பதை ஒரு படமாக, ஒரு செய்தியாகப் பார்க்க வழியில்லாமல் ஆயிரம் மைலுக்கு அப்பால் தவித்தவர்கள் யார்? அம்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த நம் குடும்பங்கள்தான். இணைய முடக்கம் படித்தவர்களின் பிரச்சினை என்போர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எந்தக் கொடிக்கும் விலக்கு இல்லை

இதை ஒரு கட்சியின் குற்றமென்று முடித்துவிட்டால் நம்மை நாமே ஏமாற்றிக் கொள்வோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்ற வாய்ப்பூட்டுப் பிரிவைச் சேர்த்தது 2008இல் காங்கிரஸ் தலைமையிலான அரசு. மனம் புண்படும்படி ஒரு செய்தி அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை! 2012 ஏப்ரலில் வங்காளத்தில் முதலமைச்சரைப் பற்றிய கேலிச்சித்திரத்தை அனுப்பிய பேராசிரியரைத் திரிணாமுல் ஆட்சி பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில், பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை அடைக்கப்பட்டதைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணையும், அதற்கு விருப்பக் குறியிட்ட அவர் தோழியையும் நம் மேற்கு ரயில்வே பாதையிலுள்ள பால்கரில் கைது செய்தார்கள். அப்போது மராட்டியத்தில் ஆண்டது காங்கிரஸும் தேசியவாதக் காங்கிரஸும்!

2015 மார்ச் 24இல் உச்சநீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது. ஆனால் செத்த சட்டம் பேயாக உலாவியது. அதன் பின்னும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக் கொண்டிருந்ததால், 2022இல் உச்சநீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியதாயிற்று. கேரளத்தில் இடதுசாரி அரசே 2020 நவம்பரில் இதுபோன்ற ஓர் அவசரச் சட்டம் கொண்டு வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் கைவிட்டது. தமிழ்நாட்டில் 2024இல் திமுக ஆட்சி ஒரு யூடியூப் பேச்சாளர்மீது குண்டர் சட்டத்தைப் போட, சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மைய பாஜக அரசோ, தன்னைப் பற்றி வரும் செய்திகளில் எது பொய் என்பதைத் தானே அமைத்த குழு தீர்மானிக்கும் என்று 2023இல் விதி செய்தது. குற்றவாளியே நீதிபதி! 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்விதியை ரத்து செய்தது.

கொடியின் நிறம் மாறுகிறது, பூட்டு மாறவில்லை!

ஏன் மாறவில்லை? பணம் வரும் வழியைப் பாருங்கள். 2018இல் தொடங்கிய தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தபோதுதான் கணக்கு வெளியே வந்தது. பாஜகவுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல். திரிணாமுலுக்கு 1,600 கோடி. காங்கிரசுக்கு 1,400 கோடி. திமுக வாங்கிய 656 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரிக் கம்பெனி கொடுத்தது. ஸ்டெர்லைட் ஆலையின் உரிமையாளரான வேதாந்தா சுமார் 400 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. அனல் மின்நிலையம் நடத்தும் ஹல்தியா எனர்ஜி 377 கோடிக்கு வாங்கியது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியவே கூடாது என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். முதலாளி கொடுக்கும் பணத்துக்கு ரகசியம் உண்டு. தொழிலாளி எழுதும் நாலு வரிக்கு ரகசியம் இல்லை. இதுவா மக்களாட்சி?

பொய்யை என்ன செய்வது?

"இணையத்தில் பொய் பரப்புகிறார்களே, அதைத் தடுக்க வேண்டாமா?" நியாயமான கேள்வி. பிழைக்க வந்தவனைப் பொய்தான் முதலில் கொல்லும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலிப் படங்கள் பரவின. திருப்பூரிலும் சென்னையிலும் அந்தப் பிள்ளைகள் நடுங்கினார்கள். நாளை நம்மைப் பற்றி இங்கே அப்படி ஒரு பொய் கிளம்பாது என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் அந்தப் பொய் எப்படி அடங்கியது? இணையத்தை நிறுத்தியா? இல்லை. பழைய படங்களை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பதைப் பத்திரிகையாளர்களும் காவல்துறையும் ஊரறியச் சொன்னார்கள். பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்தது. அறிந்தே தீ மூட்டியவர்கள்மீது வழக்குப் போடப்பட்டது. கொலைக்கும் கலவரத்துக்கும் தூண்டுவது வேறு. ஆட்சியைக் குறை சொல்வது வேறு. 66ஏ தீர்ப்பில் உச்சநீதிமன்றமே கருத்தைப் பேசுவதற்கும் குற்றத்துக்குத் தூண்டுவதற்கும் நடுவே கோடு கிழித்திருக்கிறது. அந்தக் கோடு நமக்குப் போதும்.

நாளைய மின்சாரம்

இப்போது ஏன் இதை எழுதுகிறேன்? நாட்டின் மின்சாரம் தலைகீழாக மாறும் காலம் இது. பம்பாய் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3இல் ஓடியது. நூறாண்டில் அகலப் பாதை அநேகமாக முழுவதும் மின்மயமாகிவிட்டது. ஆனால் கம்பியில் வரும் மின்சாரம் எது? நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்தில் ஏழு பங்கு இன்னும் நிலக்கரிதான். 2022 கோடையில் நிலக்கரி வேகன்களுக்கு வழிவிட நூற்றுக்கணக்கான பயணி வண்டிகளை ரத்து செய்தார்கள். குளிர்சாதன அறைகளுக்குக் கரி போய்ச் சேர, சத்தீஸ்கர் தொழிலாளி பிளாட்பாரத்தில் காத்துக் கிடந்தான்.

2025 நடுவில் நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் வெயில் யாருக்கும் சொந்தமில்லை என்றாலும், சூரியத்தகடு விரிக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரன் உண்டு. கூரைமேல் தகடு போட மானியம் தருகிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருப்பவனுக்கு ஏது கூரை? சுரங்கம் மூடும் நாளில் சுரங்கத் தொழிலாளி எங்கே போவான்? மின்சாரம் சுத்தமாகிவிட்டால் ஒப்பந்தமும் சுத்தமாகிவிடுமா? இவற்றைக் கேட்காவிட்டால் இன்னொரு டபோல்தான் வரும். அதன் நிறம் மட்டும் பச்சையாக இருக்கும்!

பேசினால் கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. முன்பணம் கட்டினால்தான் விளக்கு எரியும் என்ற மீட்டர் திட்டத்தை மராட்டிய மக்கள் தெருவிலும் இணையத்திலும் எதிர்த்தார்கள். 2024 ஜூனில், சாதாரண நுகர்வோருக்கு அந்த மீட்டர் இல்லை என்று அன்றைய துணை முதலமைச்சரே அறிவிக்க நேர்ந்தது.

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைகள் இவை. மின் ஒப்பந்தம் எதுவானாலும் கையெழுத்துக்கு முன் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். பதிவை முடக்கும் உத்தரவும், இணையத்தை நிறுத்தும் உத்தரவும் காரணத்தோடு வெளியிடப்பட வேண்டும். இணைய நிறுத்த உத்தரவை வெளியிட வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2020 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது, நடைமுறைதான் வேண்டும். கூடங்குளத்து மக்கள்மீது போட்ட வழக்கு ஒன்றுகூட மிச்சமில்லாமல் முடிக்கப்பட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, கட்டணத்தை உயர்த்துமுன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் ஆட்சேபணையைப் பெற்றாக வேண்டும். அடுத்த அறிவிப்பு வந்ததும் ஒவ்வொரு கிளையிலிருந்தும் மனு போக வேண்டும். மராத்தியில் எழுதித் தர நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வருபவன் எந்தக் கொடியோடு வந்தாலும் இரண்டே கேள்வி கேளுங்கள்: "மின் கம்பெனிகளிடம் உன் கட்சி வாங்கியது எவ்வளவு? உன்னைத் திட்டி எழுதினால் என்மீது வழக்குப் போடுவாயா?"

பதில் சொல்லத் தயங்குகிறவனுக்கு ஓட்டுப் போடாதீர்கள்!