கதிரைக்கு மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி



இம்முறை எங்கள் நாவற்குடா வீட்டிலுள்ள இரண்டு பூனைகளைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்காமல் வாசியுங்கள்.

கடந்த மாரியில், வேலை முடிந்து வரும் வழியில், வாய் கட்டி வீசப்பட்ட உரப்பையொன்று அசைவதைக் கண்டேன். அவிழ்த்துப் பார்த்தால் மூன்று குட்டிகள். இரண்டு இறந்துவிட்டன. உயிரோடிருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஏற்கனவே பத்து வயதுக் கறுப்பி இருந்தாள். அப்பா வளர்த்த பூனை. அப்பா காலமான பிறகும் அவருடைய சாய்மனைக் கதிரையில்தான் அவள் படுப்பாள். நான் வேலைக்குப் போனால் பகல் முழுவதும் அம்மாவுக்கு அவள்தான் துணை.

முதல் பிழையை நான்தான் விட்டேன். சேர்ந்து தின்னட்டும் என்று குட்டியைக் கறுப்பியின் கோப்பைக்குப் பக்கத்தில் விட்டேன். கறுப்பி சீறிப் பாய்ந்தாள். விலக்கப் போன அம்மாவின் கையில் கடி விழுந்தது. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன். கறுப்பியோ இரண்டு நாளாக வீட்டுப் பக்கமே வரவில்லை.

"இது சரிவராது மகள். குட்டிய எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றார் அம்மா. எங்கே விடுவது? திரும்பவும் உரப்பைக்குள்ளா?

கால்நடை வைத்தியர் ஒருவரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. சமூகவியல் படித்த நான், கூடிவாழும் மனிதரின் கண்ணாலேயே பூனையையும் பார்த்திருக்கிறேன். பூனையின் மூதாதையான ஆபிரிக்கக் காட்டுப்பூனை தனியே வேட்டையாடித் தனியே வாழ்வது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதரொருவருக்கு அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு பற்றி 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இவ்வளவு காலம் எங்களோடு இருந்தும், தன் எல்லைக்குள் வரும் புதியவரை அது இலகுவில் ஏற்பதில்லை. அதற்கு மணம்தான் அடையாள அட்டை.

ஆகவே திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம். குட்டியைப் பின்னறையில் தனியே வைத்தோம். அதன் கன்னத்தைத் துடைத்த துணியைக் கறுப்பியின் பக்கத்திலும், கறுப்பியின் துணியைக் குட்டியின் பெட்டியிலும் போட்டோம். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் இருவருக்கும் சாப்பாடு. பத்து நாளுக்குப் பின் கதவைத் திறந்து, இடையில் பழைய கம்பிவலைச் சட்டமொன்றை வைத்தோம். கறுப்பி சீறினாள். சீறுவது "தள்ளி நில்" என்ற எச்சரிக்கைதான், அதற்காக அடிக்கவோ ஏசவோ கூடாது. காதை மடித்து, மயிர் சிலிர்த்துப் பாயப்போனால் மட்டும் இடையில் தலையணையைப் பிடிக்கலாம். கையை நீட்டவே வேண்டாம்.

சாப்பாடும் தடவலும் எப்போதும் மூத்தவளுக்கே முதலில். கோப்பைகள் வெவ்வேறு இடத்தில். மலங்கழிக்க மணல் போட்ட பேசின், இரண்டு பூனைக்கு மூன்று. மூத்தவள் ஏறி ஒதுங்க உயரமான இடமொன்றும் வேண்டும். சில வீடுகளில் இரண்டு கிழமையில் சரிவரும், எங்களுக்கு இரண்டு மாதம் எடுத்தது.

இன்னும் சில விடயங்கள். விசர்நோய் நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் வரும். அறிகுறி தோன்றினால் உயிர் தப்புவது மிக அரிது. ஆகவே தடுப்பூசி கட்டாயம். பெண்குட்டி நான்கைந்து மாதத்திலேயே கருத்தரிக்கலாம், காலத்தோடு கருத்தடை செய்வித்தால் உரப்பைக் குட்டிகளும் குறையும். சுகமில்லாத பூனைக்குப் பனடோல் கொடுக்காதீர்கள், அது உயிரையே எடுக்கும். கர்ப்பிணிகள் பூனை மணலைத் தொடாமல், வீட்டில் வேறொருவர் நாளாந்தம் துப்புரவாக்குவது நல்லது.

இப்போது இருவரும் சிநேகிதிகளா என்று கேட்டால், இல்லை. அப்பாவின் கதிரையில் கறுப்பி, கதிரைக்குக் கீழே குட்டி. அந்த அளவில் ஒரு சமாதானம். நேற்று மீன் வெட்டும்போது அம்மா இரண்டு தலைகளை எடுத்து ஒதுக்கி வைத்தார்.

"சின்னவளுக்கும் பசிக்கும்தானே" என்றார். குட்டியை விட்டுவிட்டு வரும்படி அவர் பிறகு சொல்லவேயில்லை.